மூளையை அளக்கும் டேப்

ஜூன் 12
பிரெஞ்சு வகுப்புக்கு வந்தவர்கள் ஏழு பேர். இரண்டு பேர் தூங்கினார்கள். ஒருத்தி பென்சிலைத் தின்றாள். மாதக் கடைசிக்குள் பதினைந்து பேர் சேராவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்களாம். என் அறை கராத்தே மாஸ்டருக்கு. இரண்டு எம்.ஏ. படித்தவன் நான். அவரிடம் இருப்பது ஒரு பெல்ட்.

ஜூன் 15
"பசங்களுக்கு ஆர்வத்தைத் தூண்டுங்க சார். பொம்மை, பாட்டு, ஏதாவது," என்றார் தலைமையாசிரியை. பொம்மையின் மூக்கைப் பிய்த்துவிட்டார்கள். பாடினேன். பென்சில் தின்னி காதைப் பொத்திக்கொண்டாள்.

ஜூன் 18
பாடத்தின் நடுவே கராத்தே மாஸ்டர் நுழைந்து டேப் வைத்துச் சுவரை அளந்தார். என் கண் முன்னாலேயே!
"நீங்க நடத்துங்க சார், நான் சும்மா."
சும்மாவாம்! "உன் மூளையை அளக்க இந்த டேப்பில் முதல் அங்குலமே அதிகம்" என்று பிரெஞ்சில் பொரிந்து தள்ளினேன். ஒன்றும் புரியாமல் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.
ஏழு தலைகளும் நிமிர்ந்தன.
"சார், அவரைத் திட்டுனீங்கதானே?"
"இல்லையே."
"பொய்! காதெல்லாம் சிவந்திருக்கு. என்னன்னு சொல்லுங்க சார், ப்ளீஸ்!"
சொல்லக் கூடாது. சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மணி அடிக்கும்வரை அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகினார்கள். உச்சரிப்பு அட்சர சுத்தம்.

ஜூன் 21
மச்சினன் தொப்பையைத் திட்டுவதில் தொடங்கி உடலுறுப்புகள் பாடம் முழுவதும் முடித்தேன். நான் செய்வது சரியா? பன்னிரண்டு பேர்.

ஜூன் 25
எனக்கு வரவேண்டிய பதவி உயர்வைத் தட்டிப் பறித்தவனை வைத்து இறந்தகாலம். பதினெட்டு பேர். ஜன்னலில் இன்னும் சிலர்.

ஜூன் 29
தலைமையாசிரியை பார்வையிட வந்தார். பென்சில் தின்னி எழுந்து பிரெஞ்சில் கணீரென்று சொன்னாள்: "மேடம் மீட்டிங் முடிவதற்குள் எனக்குத் தாடி முளைத்துவிடும்." என் வாக்கியம். நான் திரும்பிக் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினேன்.
"அழகா பேசுறியே! அர்த்தம் என்னம்மா?"
"நீங்க ரொம்ப நேரம் உழைக்கிறீங்கன்னு அர்த்தம், மேடம்."
கைதட்டினார். வகுப்பு தொடரும். அறையும் எனக்கே.

ஜூலை 8
சரக்கு தீர்ந்துவிட்டது. "இன்னும் யார் மேல எனக்குக் கோபம்?" என்று மனைவியைக் கேட்டேன்.
"இருபது வருஷமா ராத்திரி பகலா புலம்புனீங்களே, அவ்வளவுதானா?"
அவ்வளவுதான் போலிருக்கிறது.

ஜூலை 9
பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு கார் என் வெள்ளைச் சட்டையில் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. நிறங்கள் இன்னும் நடத்தவில்லை. விசிலடித்துக்கொண்டே வகுப்புக்குப் போனேன்.