சத்தம் போடக் கூடாத இடம்

மதினி,

இன்று காலை பயணப் பையை உதறியபோது செருப்பின் அடியிலிருந்து வெள்ளையாகத் தூள் கொட்டியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. நீங்கள் பிறந்த குளத்தூரில் உப்பளத்துப் பக்கம் போய்வந்தால் காலில் ஒட்டியிருக்குமே, அதே மாதிரி. ஆனால் இது போட்ஸ்வானாவிலிருந்து வந்த மண். ஆப்பிரிக்காவின் தெற்கே இருக்கிறது அந்த நாடு. நீங்கள் இருந்திருந்தால், "அம்புட்டுத் தூரம் போயி எங்க ஊரு மண்ணயாட்டி கொண்டாந்திருக்க?" என்று கேட்டிருப்பீர்கள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்த முதல் தை மாதம் நாம் இரண்டு பேரும்தான் சோளக்காட்டில் குருவி விரட்டினோம். நான் தகரத்தைத் தட்டுவேனே தவிர வாயைத் திறக்க மாட்டேன். ரோட்டில் போகிறவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று கூச்சம். "ஏட்டி, சத்தம் வருதா, வெறுங் காத்து வருதா?" என்று சிரித்துவிட்டு எனக்கும் சேர்த்து நீங்களே கத்துவீர்கள். "ஏலே, ஒங்க மாமியா வீட்டு விருந்தால இது? எந்திரிங்கலே!"

மறுவருடம் நான் கல்லூரிக்குப் போனேன். நம் வீட்டில் அதுவரை யாரும் போனதில்லை. காட்டில் நீங்கள் தனியாகக் கத்தினீர்கள்.

படிப்பு முடிந்து கோவில்பட்டியில் பறவைகளைப் பாதுகாக்கும் வேலையில் சேர்ந்தேன். நம் ஊர்க் கண்மாயைப் பறவைகளுக்கென்று விடலாம், ஊரே அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். அதன் நிபந்தனைகளை முதலில் உங்களுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். கண்மாய்க்கரை ஓரம் வெடியோ தகரமோ கூச்சலோ கூடாது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னீர்கள். நம் காடு கரைக்குக் கீழேதானே இருக்கிறது.

"நாரை சோளம் திங்காது மதினி."

"அது எனக்கும் தெரியும். கரையில கருவமரத்துல அடையுத மயிலு? அது சாயங்காலம் எங்கன சாப்பிடப் போவும், ஒங்க ஆபீஸுக்கா?" பிறகு சிரிக்காமல் கேட்டீர்கள். "நீ யாரு பக்கம்ட்டி?"

எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்லலாம் என்றிருந்தேன். புரட்டாசியில் காய்ச்சல் வந்து, விதைப்புக்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். காட்டில் நிற்க ஆளில்லை என்று அண்ணன் இந்த வருடம் சோளம் போடவில்லை.

பங்குனியில் அலுவலகத்திலிருந்து என்னைப் போட்ஸ்வானாவுக்கு அனுப்பினார்கள். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தங்கள் மாடுகள் மேய்ந்த இடத்தை விட்டுக்கொடுத்து, தாங்களே நடத்துகிற பறவைச் சரணாலயம் அது. வெள்ளை உப்புத் தரையில் மழைத்தண்ணீர் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோடு நகர்ந்த பிறகுதான் பூநாரைகள் என்று புரிந்தது. வாசலில் சீட்டுக் கொடுத்த நேயோ என்ற அக்காதான் கூட்டிப் போனார். பேசக் கூடாது என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். எனக்கு அது கஷ்டமா என்ன?

மத்தியானம் வேலை முடிந்ததும் தன் காட்டைப் பார்க்க வரச் சொன்னார். போனால், மதினி, சோளக்காடு! கதிர் பால் பிடித்திருந்தது. சிவப்பு மூக்குச் சிட்டுகள் புகை மாதிரி வந்து இறங்கின. காலையில் உதட்டில் விரல் வைத்த அதே அக்கா தகரத்தை எடுத்து அடிஅடியென்று அடித்தார். இது உங்களுக்குத் தப்பாகத் தெரியவில்லையா என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். காலையில் அந்த வேலை, இப்போது இந்த வேலை என்று சொல்லிவிட்டுத் தகரத்தை என் கையில் கொடுத்தார்.

தட்டினேன். சிட்டுகள் அசையவில்லை. பிறகு எப்படி வந்ததோ தெரியவில்லை, "ஒங்க மாமியா வீட்டு விருந்தால இது?" என்று கத்திவிட்டேன். கூட்டம் மொத்தமும் எழுந்தது. நேயோ அக்கா ஒன்றும் புரியாமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அவருக்குச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை. தமிழிலும் சொல்லியிருப்பேனா, தெரியாது.

நாளை கிராமசபை. நிபந்தனைகளை நான்தான் எழுந்து வாசிக்க வேண்டும். இன்று சாயங்காலம் நம் காட்டுக்குப் போனேன். விதைக்காத கரிசல் வெடித்துக் கிடந்தது. கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீரில் நாரைகள் நின்றன. நம் சத்தத்துக்கு அவை உண்மையிலேயே பயப்படுமா என்று பார்க்க வேண்டும்போலிருந்தது. ரோட்டில் யாரோ பைக்கில் போனார்கள். நீங்கள் கத்துகிற மாதிரியே கத்தினேன்.

பாதி நாரைகள் எழுந்தன. பாதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை வைத்து நான் என்ன முடிவுக்கு வருவது, மதினி?

அண்ணன் வீட்டிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தான். என்னைக் கண்டதும் வரப்பில் நின்றுவிட்டான்.

"நீயாட்டி கத்துன?"

"ஆமாண்ணே."

"நான்..." என்று தொடங்கியவன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி, வா. இருட்டுது."

யார் பக்கம் என்று கேட்டீர்களே, இன்னும் தெரியவில்லை. நாளை அந்த வரி வரும்போது வாசிப்பதை நிறுத்திவிட்டு, கரைக்குக் கீழே காடு இருக்கிறது, அதில் ஒருத்தி நின்றாள் என்று சொல்லப் போகிறேன். அதற்கு மேல் என்ன சொல்வேனோ. ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.