பள்ளத்தில் அடித்த ஆணிகள்

அக்கா, உங்கள் ஜெஞ்சாரோம் வீட்டை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். நீங்கள் காலமான பிறகும் உங்கள் மகன் ரவாங்கிலேயே தங்கிவிட்டதால் பலகைகளை விற்றுவிட்டார். கூரைத் தகரத்தில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். என் கிள்ளான் கடையின் பின்கட்டில் நிற்கிறது. அதன் பள்ளங்களில் வரிசையாகத் தார் வைத்து அடைத்த ஓட்டைகள்.

என் இரும்புக்கடையில் இருபது வருடம் ஆணி நிறுத்துக் கொடுத்தவர் நீங்கள். அப்படிப்பட்டவரின் கூரை ஒழுகியது. பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்து இளைஞர் குழு இலவசமாக மாற்றித் தருகிறது என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. இலவசம் என்று வந்த எதற்கும் பின்னால் ஒரு பில் வராமல் நான் பார்த்ததில்லை. மதம் மாற்றவா, படம் பிடித்து நன்கொடை கேட்கவா என்று குடைந்தேன். நீங்கள் அசரவில்லை.

"நீங்க செய்றேன் செய்றேன்னு ரெண்டு மழை போச்சு தம்பி. அவங்க சனிக்கிழமை வராங்க லா."

அந்தச் சனிக்கிழமை வேவு பார்க்கத்தான் வந்தேன். எட்டுப் பேர். பழைய கூரையைக் கழற்றுமுன் குழுத் தலைவியான பெண் உங்கள் முருகன் படத்தை பிளாஸ்டிக் தாளால் பத்திரமாக மூடினாள். தூசிக்காகவா, பார்க்கப் பிடிக்காமலா? அதையும் யோசித்தேன்.

பிறகு ஆணி அடித்தார்கள். எல்லாம் அலை அலையான தகரத்தின் பள்ளத்தில். மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடுகிற தண்ணீர் ஆணி வழியே வீட்டுக்குள் இறங்கும். முதல் ஆணியிலேயே பார்த்துவிட்டேன். இரண்டு தகரம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. ஒழுகட்டும், அப்போதுதான் என் பேச்சின் அருமை தெரியும் என்று நினைத்தேன். இதை உங்களிடம் சொன்னதே இல்லை.

உங்களுக்குக் கண் மங்கியிருந்தது. காது மங்கவில்லை.

"ஏன் தம்பி சத்தத்தையே காணோம்? குறை சொல்லாம உங்களால நிக்க முடியாதே. என்ன தப்பா அடிக்கிறாங்க?"

சொன்னேன். மேலே சுத்தியல் நின்றது. அந்தப் பெண் ஏணியில் இறங்கி வந்து என் முகத்தையே பார்த்தாள். "தெரிஞ்சும் சொல்லலியா அங்கிள்?"

லோரியிலிருந்து தார் டப்பாவை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன். நீங்கள் கீழேயிருந்து, விழுந்தால் கடையை யார் பார்ப்பது என்று கிண்டல் செய்தீர்கள். அந்த மழைக்காலம் உங்கள் கட்டில் நனையவில்லை.

இன்றும் அவர்களை நான் முழுக்க நம்பவில்லை. அவர்கள் கூரை மாற்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே போய் விசாரிக்கிறேன். ஆனால் அன்று உங்கள் அடுப்படியில் தேநீர் குடித்தபடி அந்தப் பெண்ணோடு பேசி முடித்ததை மீறவில்லை: தகரமும் ஆணியும் என் கொள்முதல் விலைக்கு, வேலை அவர்களுடையது, வீட்டுக்காரர் கேட்காமல் ஜெபமும் படமும் கிடையாது, தப்பு என் கண்ணில் பட்டால், அந்த ஆணியிலேயே சொல்லிவிட வேண்டும்.