படிவம் எண் ஒன்று

மார்ச் 3, செவ்வாய்

நகராட்சிக்கு மேலிடத்திலிருந்து புதுத் திட்டம் வந்திருக்கிறது. 'எதிரெதிர் நாற்காலி' என்று பெயர். கருத்து ஒத்துப்போகாத இருவரை எதிரெதிரே உட்கார வைக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா, அதத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பதில் பேசலாம். அதிகாரி சுற்றறிக்கையை மூன்று முறை வாசித்தார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கிளி. இந்த நோட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் எடுத்துக்கொள்ளும் பிரச்சினை எங்கள் தெருதான். அகலப்படுத்தலாமா, வேண்டாமா? போன மாதம் இதைப் பேசக் கூடிய கூட்டத்தில் மூன்று நாற்காலிகளுக்குக் கால் போயிற்று.

படிவம், பெட்டி, ஆள் சேர்ப்பது எல்லாம் என் தலையில். எழுத்தர் என்றால் சும்மாவா.

மார்ச் 5, வியாழன்

நாள் முழுக்க மூடுபனி. அலுவலக ஜன்னலில் மரம் பாதிதான் தெரிந்தது. மீதியை நானே நினைத்துக்கொண்டேன்.

எப்படி நிரப்புவது என்று காட்ட மாதிரிப் படிவம் ஒன்று எழுதச் சொன்னார் கிளி. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். 'தெரு அகலமாக வேண்டுமா?' வேண்டும். 'ஏன்?' ஏதாவது பொய்யாக எழுதியிருக்கலாம். கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது: ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அம்மா போய்விட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

அண்ணன் என்னோடு பேசி ஒரு வருடம் ஏழு மாதம். தெருவை அகலப்படுத்தக் கேட்ட மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அகலமானால் முதலில் போவது முனையில் இருக்கும் அவனுடைய சைக்கிள் கடை.

அண்ணி மட்டும் பார்த்தால் சிரிப்பாள். அவன் நிமிராமல் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பான். உலகத்தில் அத்தனை ஓட்டையா இருக்கிறது?

மார்ச் 10, செவ்வாய்

தெரு மூச்சு விடுவதாகக் கனவு. இழுத்தால் அகலம், விட்டால் குறுகல். அம்மா நடுவில் நின்று வேடிக்கை பார்த்தாள். எழுந்த பிறகும் சுவர்கள் நகர்வது போலவே இருந்தது.

மார்ச் 14, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

நூலகக் கூடத்தில் நாற்பது நாற்காலி, இருபது ஜோடி. சாயங்கால வெயில் சாய்வாக விழுந்து எல்லோரையும் கொஞ்சம் நல்லவர்களாகக் காட்டியது. கிளி எண்களைக் கூப்பிட்டார். "இருபத்தாறுக்கு எதிரே ஒண்ணு." இருபத்தாறு போய் உட்கார்ந்தது. அண்ணன். ஒன்று யார்? யாருமே எழவில்லை. கிளி படிவத்தைப் புரட்டினார். என் கையெழுத்து.

மாதிரிப் படிவம். கட்டின் மேலேயே இருந்திருக்கிறது. அதற்கும் எண் போட்டு, ஜோடியும் சேர்த்துவிட்டார் மனுஷன். எடுத்து வைக்க மறந்தது நான். விதிப்படி மாற்ற முடியாதாம். போய் உட்கார்ந்தேன்.

அண்ணன் தரையைப் பார்த்தபடி கடையைப் பற்றிப் பேசினான். நான் திருப்பிச் சொன்னேன்: "தெரு விரிவாக்கத்தால் உங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்கிறீர்கள்." பாழாய்ப்போன அலுவலக பாஷை. அவன் தலையாட்டினான், இல்லை என்று. வேறு மாதிரி சொன்னேன். அதற்கும் இல்லை. மூன்றாவது முறை அவன் நிமிர்ந்தான்.

"தெரு குறுகல், அதனாலதான் அம்மா போனாங்கன்னு ஊரெல்லாம் சொல்ற. முனை வரைக்கும் அம்மாவத் தூக்கிட்டு ஓடினது நான். அப்ப நான் மெதுவா ஓடினேன்னுதானே அர்த்தம்?"

ஐயோ. இத்தனை நாளா இதையா சுமந்துக்கிட்டிருந்தான்? நான் ஒரு மண்டு, கடை கடைன்னே நினைச்சேன். ஆனா விதி இருக்கே, பதில் பேசக் கூடாது. முதல்ல திருப்பிச் சொல்லணும். அந்த வார்த்தைகளை என் வாயால.

"நீ மெதுவா ஓடினதாலதான் அம்மா போனாங்கன்னு... நான் சொல்றதா உனக்குப் படுது."

"ஆமா. அதத்தான் சொன்னேன்."

என் முறை வந்தது. ஆம்புலன்ஸ், மனு, பக்கத்துத் தெரு அளவு என்று நான் சேர்த்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை.

"நீ ஓடினத நான் பின்னாலயே வந்து பாத்தேண்ணா. செருப்பு கழண்டது கூடத் தெரியாம ஓடின. அதுக்கு மேல யாராலயும் ஓட முடியாது."

அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். வரவில்லை. கிளி மணி அடித்தார்.

மார்ச் 15, ஞாயிறு

அழுகை. தூக்கம். மறுபடி அழுகை.

மார்ச் 18, புதன்

அறிக்கை எழுத வேண்டும். 'இருபத்தாறாம் எண் பதிலைத் திருப்பிச் சொல்லவில்லை. முழுமை பெறாத உரையாடல்.' எழுதியவள் நான்தான்.

மார்ச் 29, ஞாயிறு

தெரு அகலமாகுமா, இன்னும் முடிவில்லை. எனக்கு இன்னும் வேண்டும்தான். கடையைக் கடக்கும்போது மட்டும் வேண்டாம் போலிருக்கிறது.

காலையில் கதவு தட்டும் சத்தம். அண்ணன், கையில் பம்பு. வாசலில் சாத்தியிருந்த என் சைக்கிளைக் காட்டி, டயரில் காற்றே இல்லாமல் எப்படி ஓட்டுகிறாய் என்று திட்டினான். குந்தி உட்கார்ந்து அடித்தான். முடித்து, டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"அதுக்கு மேல யாராலயும் ஓட முடியாதுன்னு சொன்ன."

"ஆமாண்ணா. அதத்தான் சொன்னேன்."