ஓட்டை அடைக்கவும், வழக்கம்போல

12.6.2023, திங்கள்

மன்னிக்கணும். இது பட்டறையில் இரும்பின் கெட்டித்தன்மையை, ஹார்ட்னஸ் அளவுகளைக் குறித்துவைக்க வாங்கிய நோட்டு. இதில் என் கதையை எழுதுவது சரியில்லைதான். ஆனால் வாய் திறந்து பேச வராதவள் வேறு எங்கே போய்ச் சொல்வாள்?

இன்று புது வேலை வந்தது. நாற்பது ரைபிள் குழல்கள். இதுவரை எங்கள் பட்டறைக்கு வந்ததெல்லாம் ரைஸ்மில் ஷாஃப்டுகளும் கரும்பாலை இரும்புப் பின்களும்தான். இவை போலீஸ் பயிற்சிக்குத் துப்பாக்கி செய்யும் ஓசூர் கம்பெனியுடையவை. குண்டு பாய்ந்து பாய்ந்து குழலின் உட்பக்கம் தேயும். அம்மோனியா வாயுவில் நாள்கணக்கில் சூடாக்கினால் மேல்தோல் கெட்டிப்படும், குழல் கூடுதல் காலம் உழைக்கும். குழலைப் பற்றிப் பரீட்சைக்கு எழுதியதைக் கண்ணால் பார்க்கப்போகிறேன்.

13.6

பட்டறையில் பசை வேலை பார்க்கும் சாலம்மாக்கா குழல்களுக்குப் பசை பூசினார். பசை இருக்கும் இடத்தில் வாயு படாது, அங்கே கெட்டிப்படாது. மில் ஷாஃப்டில் மரையையும் ஓட்டையையும் எப்போதும் இப்படித்தான் மறைப்போம், பிறகு போல்ட் ஏற வேண்டுமே. அக்கா வேலைக் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழலின் இரண்டு வாயையும் அடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. கேட்க நினைத்தேன். மேனேஜர் தங்கதுரை சார் பக்கத்தில் நின்றார். கேட்கவில்லை.

17.6, சனி

குழல்கள் பர்னஸ் உலையிலிருந்து வந்தன. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். கண்ணாடிபோலப் பளபளத்தது. அதுதான் தப்பு. கெட்டிப்பட்ட இரும்பு சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும்.

எந்த இடத்துக்காக வேலை வந்ததோ அந்த இடத்தை அடைத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் கெட்டியாக்கி வைத்திருக்கிறோம்.

தங்கதுரை சாரிடம் சொன்னேன்.

"டெஸ்ட் பீஸ் இன்னா காட்டுது?" என்று குழல்களோடு சேர்த்து உலையில் வைத்த மாதிரித் துண்டைக் கேட்டார்.

"680 சார். ஆனா அது குழலுக்கு வெளிய தொங்கினது—"

"அதையே ரிப்போர்ட்ல போடு. குழலுக்குள்ள பூந்து யாரு பாக்கப்போறா, எலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

19.6

ரிப்போர்ட் தயார். கையெழுத்து இடத்தில் என் பெயர். மூன்று வருடமாக அளப்பது நான், கையெழுத்து தங்கதுரை சாருடையது. "உன் பேரு எதுக்கும்மா, கஸ்டமருக்கு உன்ன யாருன்னு தெரியும்?" என்பார். இப்ப மட்டும் என் பேரு வேணுமாம்!

"படிச்ச பொண்ணு, போட்டுக் குடு பூமால. உங்க வூட்லயே மொத டிகிரி நீதான? பெரும இல்ல?"

பெருமையாம். எங்கப்பா கரும்பு வெட்டி வெட்டிக் கை காச்சுப்போயி என்னப் படிக்க வெச்சது பொய்யில கையெழுத்துப் போடவா? கேக்கணும்னு இருந்துச்சு. "நாளைக்குப் பாக்குறேன் சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன். த்தூ.

20.6

போடவில்லை. ஒரு குழலை அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அறுத்துட்டு ஓசூருக்கு இன்னா பதில் சொல்றது? கோழி முழுங்கிடுச்சுன்னா?"

21.6

ஏன் தாமதம் என்று முதலாளி கேட்டிருக்கிறார். சாலம்மா தன் இஷ்டத்துக்கு ஓட்டையை அடைத்துவிட்டாள், ஆனால் டெஸ்ட் பீஸ் பாஸ், அனுப்பிவிடலாம் என்று தங்கதுரை சார் சொல்லிவிட்டார். அக்காவை இன்றோடு நிறுத்திவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அக்காவிடம் கேட்டேன். "யக்கா, வேலைக் கார்டுல எழுதியிருந்துச்சு இல்ல?"

"இருந்துச்சு கண்ணு. 'மரை, ஓட்டை அடைக்கவும், வழக்கம்போல'ன்னு அவரு கையாலதான் எழுதியிருந்தாரு. எழுத்துக் கூட்டிப் படிச்சேனே. இப்பக் கேட்டா கார்டே காணோம்றாரு. நல்லவேள, வாய அடைக்கவும்னு எழுதல. வழக்கம்போல அவரு வாயிலயும் ஒரு கை பச அப்பியிருப்பேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கச்சிராயபாளையம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

நீ அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

22.6

லீவு போட்டேன். தங்கதுரை சாரிடமிருந்து ஆறு தடவை போன். எடுக்கவில்லை.

25.6, ஞாயிறு

வெள்ளிமலை, சித்தி வீடு. அங்கே என் போனுக்கு சிக்னல் கிடையாது. அதற்காகவே போனேன். சாயந்திர பஸ்ஸில் ஒவ்வொரு வளைவாக இறங்கும்போது வெட்கமாக இருந்தது. ஒளிய எனக்கு ஒரு மலை இருக்கிறது. வேலை போனவர் எங்கே போய் ஒளிவார்?

26.6

அறுத்தேன். யாரையும் கேட்கவில்லை.

காலை ஏழு மணிக்கே போய், ஒரு குழலை அறுத்து, மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து அளந்தேன். வெளியே 684. உள்ளே 291. படம் எடுத்து ஓசூர் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் பச்சமுத்து சாருக்கு அனுப்பினேன். கீழே என் பெயர்.

27.6

"ஊமையாட்டம் இருந்துக்கினு இன்னா வேல பண்ணிட்ட நீ!" என்று தங்கதுரை சார் பட்டறையே திரும்பிப் பார்க்கக் கத்தினார். நான் அடுத்த ஷாஃப்டை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை பயம் இல்லை.

4.7, செவ்வாய்

பச்சமுத்து சார் நேரில் வந்தார். பசையைச் சுத்தம் செய்து, வெளி மரையை மட்டும் மறைத்து, முப்பத்தொன்பது குழல்களையும் மறுபடி பர்னஸில் வைக்கச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: அளந்தவர் கையெழுத்து இல்லாத ரிப்போர்ட் செல்லாது.

10.7, திங்கள்

இன்னொரு குழலை அறுத்தோம். உள்ளே சாம்பல் நிறம். 677.

ரிப்போர்ட் மேசைக்கு வந்தது. வாசலில் வண்டி நின்றது. முதலாளியும் தங்கதுரை சாரும் என் கையையே பார்த்தார்கள். நான் பேனாவைத் திறக்கவில்லை.

"இன்னாம்மா? அதான் எல்லாம் சரியாயிடுச்சே. இன்னும் இன்னா?" என்றார் முதலாளி.

தலை நிமிராமல்தான் சொன்னேன். ஆனால் முழுதாகச் சொன்னேன்.

"சாலம்மாக்கா திரும்ப வேலைக்கு வரணும் சார். யார்கிட்டயும் சொல்லி அனுப்ப வேணாம். தங்கதுரை சாரே கச்சிராயபாளையம் போயி, அவங்க வூட்டு வாசல்ல நின்னு, 'கார்டுல எழுதினது நான்தான்'னு சொல்லிக் கூப்பிடணும்."