அம்மாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாரம்

ஐப்பசி. திங்கள்.

காலையில் தூறல். சுரங்கக் கழிவு கொட்டிய வெள்ளை மண்மேடு நனைந்து கிடந்ததால் கண்ணில் தூசி இல்லை. எங்கள் ஊரிகம் லைன் வீட்டு வரிசை முழுக்கச் சேறு.

அப்பாவின் காலில் சுரங்கத்தில் கல் விழுந்ததிலிருந்து வீட்டுக்கு வரும்படி இல்லை. அம்மாவுக்கு மேட்டு பங்களாவில் ஆயா வேலை. வெள்ளிக்கிழமை வரை பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமா என்று சொல்வார்களாம். துரைசானி (எழுத நீளம், இனி து.சா.) மாலையில் வெளியே போய்த் திரும்பியதும், குழந்தை அன்று என்னென்ன செய்தது என்று ஆயா இங்கிலீஷில் சொல்ல வேண்டும். போன ஆயா தலையை மட்டும் ஆட்டினாளாம். அனுப்பிவிட்டார்கள்.

இந்த வேலை நிலைக்காவிட்டால் ஆம்பூர்ப் பக்கம் ஊருக்கே திரும்ப வேண்டியதுதான். அங்கே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

நான் இங்கிலீஷ் மூன்றாம் ரீடர் படிக்கிறேன். "நான் சொல்லித் தரேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் பயம்.

இன்று கொடுத்தவை: வேக் அப். வாஷ். டிரிங்க் மில்க். ஸ்லீப். க்ரை. கடைசியில் வாக், அதாவது நடப்பது.

"அது எதுக்குடி? அவன் இன்னும் தவழ்ந்துகினு கீறான்."

"ரீடர்ல இருக்கும்மா. விடக்கூடாது."

செவ்வாய்.

அம்மா கேழ்வரகு அரைத்துக்கொண்டே படித்தாள். எந்திரக்கல் ஒரு சுற்றுக்கு ஒரு வார்த்தை. பேபி வேக் அப், பேபி வாஷ்... ராகம் வேறு. ஒரு பிழை இல்லை! என் வகுப்பில் பாதிப் பேருக்கு இவ்வளவு வராது.

தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராஜம்மாக்கா: "இன்னா கன்னியம்மா, துரைசானி ஆயிட்டியா? நாங்க சலாம் போடணுமா?"

அம்மா: "போடுங்க. வேணான்னா சொல்றேன்?"

புதன்.

வெயில். கணக்கில் நூற்றுக்கு நூறு. அதை எழுதக்கூட மனமில்லை.

பள்ளி விட்டு நேராக பங்களா. பின் வராந்தாவில் நின்றேன். து.சா. வண்டியிலிருந்து இறங்கி, "டிட் ஹி ஸ்லீப்?" என்றாள். தூங்கினானா, அவ்வளவுதான் கேள்வி. அம்மா கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்: பேபி வேக் அப், பேபி வாஷ்... து.சா. கையை உயர்த்தி, "ஸ்லீப்? ஸ்லீப்?" அம்மா நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து, பேபி வேக் அப்.

சமையலறையில் பட்லர் சிரிப்பு. து.சா. சிரிக்கவில்லை. நேராக உள்ளே போய்விட்டாள்.

 லைன் முனைக்கு வந்ததும் அம்மா: "நடுவுல கேட்டா வரலடி. கெணத்துக் கயிறு மாதிரி கீது. மொதல்லேர்ந்து இழுத்தாத்தான் வருது."

வியாழன்.

ஒரு யோசனை. அப்பாதான் குழந்தை!

கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார். நான்தான் து.சா., தொப்பிக்குப் பதில் தலையில் முறம். அம்மா கூழ் கொண்டுவந்தாள். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார்.

நான்: "டிட் ஹி டிரிங்க்?"

அம்மா "வேக்..." என்று தொடங்கி நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். "நோ டிரிங்க்! பேபி நோ டிரிங்க்!"

அப்பா உடனே குரலெடுத்து அழுதார். "பேபி க்ரை!"

"க்ரை பண்ணாம இன்னா பண்ணுவேன்? கூழுல உப்பே இல்ல."

தட்டி வழியே ராஜம்மாக்கா: "அந்தப் பாப்பாவுக்கு மீசைய மழிச்சி விடுங்க!"

கல் விழுந்த பிறகு அப்பா சிரித்தது இன்றுதான். ஷிப்ட் சங்கு ஊதும்வரை விளையாட்டு. எங்கே தொட்டுக் கேட்டாலும் அம்மா சொன்னாள்.

வெள்ளி.

மழை விட்டு விட்டு.  பள்ளியில் டீச்சரம்மா கேட்டது எதுவும் காதில் விழவில்லை.

பங்களா. வண்டி நிற்பதற்குள் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். து.சா. இன்னும் எதுவும் கேட்கவில்லை.

"பேபி வாக்! வாக்!"

 தவழ்கிற குழந்தை. வார்த்தையை மாற்றிவிட்டாள் என்றே நினைத்தேன். து.சா.வும் தலையை ஆட்டினாள். "நோ, ஆயா. நோ."

"எஸ்" என்றாள் அம்மா.

துரைசானியிடம்! முகத்துக்கு நேராக!

குழந்தையைக் கீழே நிறுத்தி, மெல்ல விரலை விடுவித்துக்கொண்டாள். ஓர் அடி. தள்ளாட்டம். இன்னோர் அடி. து.சா. வெள்ளைக் கவுனோடு சேற்றில் மண்டியிட்டு அவனைப் பிடித்தாள்.

பிறகு அம்மாவைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னாள். அர்த்தம் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: "தெரியும்டி. எவ்ரி டே வரச் சொல்றாங்க."

எவ்ரி டே. நான் சொல்லிக்கொடுக்காத வார்த்தை.

லைன் வழியாக வரும்போது அம்மா முன்னால், நான் பின்னால். எதிரில் வந்த எல்லாரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. ராஜம்மாக்காவிடம் மட்டும்.

இப்போது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்கிறாள்: "கீழ வுழுந்தா இன்னா சொல்லணும்டி? நடக்க ஆரம்பிச்சிட்டான். இனிமே அதான் நெறைய வேணும்."