அஞ்சலக முனைக்கு அவர்களைத் திருப்பி அனுப்புக

அனுப்புநர்
ஹாலிஸ் டட்டன் (வயது 69),
ஊர்ச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர்,
பழைய மர ஆலைச் சாலை,
காலவே மில்ஸ், வெர்மான்ட்.

பெறுநர்
திருமதி ஐரீன் கோடெட் அவர்கள்,
தலைவர், ஊர் நிர்வாகக் குழு,
காலவே மில்ஸ்.

பொருள்: சனிக்கிழமைதோறும் அஞ்சலக முனையில் அமைதி வேண்டி நின்று வந்தவர்களை நூலகத்தின் பின்புறப் புல்வெளிக்கு மாற்றிய ஆணையை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் குழுவின் 19.08.2024 நாளிட்ட ஆணை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஈராக் போர் தொடங்கவிருந்த 2003 பிப்ரவரி முதல், ஒவ்வொரு சனிக்கிழமையும் நண்பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை, அவர்களுக்கு நேர் எதிரே, இரும்புக்கடை வாசலில், நாட்டுக் கொடியுடன் நிற்பவன் நான். அவர்களுடைய அட்டைகளில் எழுதியிருக்கும் ஒரு வரியைக்கூட நான் ஒப்புக்கொண்டதில்லை. இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த மனுவின் மற்றப் பகுதிகளைப் படிக்கையில் இது தங்களுக்கு மறந்துபோக வாய்ப்பு இருப்பதால் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

2. பார்வையில் கண்ட ஆணையில், "மகனைப் போரில் பறிகொடுத்த ஒரு குடும்பத்தின் மனவேதனையைக் கருத்தில் கொண்டு" இந்த இடமாற்றம் செய்யப்படுவதாகக் கூறப்பட்டுள்ளது. பெயர் போடவில்லை. போட்டிருக்கவும் வேண்டாம். காலவே மில்ஸில் அப்படிப்பட்ட வீடு ஒன்றுதான் உண்டு, அது என்னுடையது. அந்த ஆணை என் மனவேதனையின் பேரால் பிறப்பிக்கப்பட்டது. ஆனால் அதைப் பற்றி என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3. கேட்டதாகத் தாங்கள் கூறக்கூடும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஜூலையில் எனக்கு இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை நடந்து நான் வீட்டில் படுத்திருந்தபோது தாங்கள் ஆப்பிள் பை என்னும் பலகாரத்தைச் சுட்டு எடுத்து வந்தீர்கள். பலகாரம் நன்றாகவே இருந்தது, அதில் குறை ஒன்றுமில்லை. கிளம்பும்போது, "அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தப் பாத்துக்கிட்டே நிக்கறது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும், இல்ல ஹாலிஸ்?" என்றீர்கள். நான், "கஷ்டம்தான். இருபது வருஷமா கஷ்டம். போய்த் தொலைய மாட்டேங்கறாங்களே" என்றேன். தாங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனீர்கள். ஐந்து வாரத்தில் ஆணை வந்துவிட்டது.

4. அம்மையீர், தாங்களும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். இங்கே பனியைத் திட்டாத ஆள் யார்? நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடையிலும் தேவாலய வாசலிலும் வேறு பேச்சே கிடையாது. அதற்காகக் குளிர்காலத்தைப் பக்கத்து ஊருக்கு மாற்றி யாரும் ஆணை போட்டதில்லை. எங்கள் தலைமுறை ஆட்கள் ஒரு விஷயத்தைப் பற்றி இருபது ஆண்டு ஓயாமல் குறை சொல்கிறோம் என்றால், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றுதான் கணக்கு. வேறு ஊர்க்காரர் எவரேனும் இதில் தவறியிருந்தால் நான் மனு எழுதியிருக்க மாட்டேன்.

5. அஞ்சலக முனை ஏன் அவர்களுக்கு முக்கியம் என்பதை, முப்பத்தொரு குளிர்காலம் அந்தச் சாலையில் பனி தள்ளியவன் என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அது நான்கு பக்கமும் வண்டிகள் நின்று செல்ல வேண்டிய சந்திப்பு. வருகிற ஒவ்வொருவரும் நின்றாக வேண்டும், நின்றால் பார்த்தாக வேண்டும். சிலர் ஹாரன் அடித்து ஆதரிப்பார்கள். சிலர் கண்ணாடியை இறக்கிக் கெட்ட வார்த்தை சொல்வார்கள். அந்தக் கூட்டம் இரண்டுக்கும் பதில் காட்டாது. கை அசைக்காது, முறைக்காது. ஒரு மணி நேரம் பேசாமல் நிற்பது அவர்கள் விதி. அந்த ஒழுங்கை நான் பாராட்டவில்லை, இருந்தது என்று மட்டும் பதிவு செய்கிறேன். தாங்கள் ஒதுக்கியுள்ள நூலகப் புல்வெளியில் மூன்று பக்கம் வேலி, ஒரு பக்கம் குப்பைத் தொட்டி. அங்கே அவர்களைப் பார்க்க அணிலைத் தவிர ஆள் இல்லை.

6. பனிக்காலத்தில் அவர்கள் நிற்கும் பக்கத்து நடைபாதையையும் சனிக்கிழமை காலையில் நானே சுத்தம் செய்து வந்ததாகத் தங்கள் குழுவில் ஒருவர் வெளியே பேசுவதாக அறிகிறேன். அது சாலைப் பாதுகாப்புக்காகச் செய்தது.

7. இனி எழுதப்போவது மனுவில் எழுதும் வழக்கமான செய்தி அல்ல. ஆனால் இதை விட்டுவிட்டால் என் கோரிக்கை தங்களுக்கு விளங்காது.

என் மகன் வெஸ் 2005 நவம்பர் 9 அன்று ஈராக்கில் இறந்தான். இருபது வயது. அந்தக் கூட்டம் தன் ஒரு மணி நேர அமைதி முடியும் முன், பன்னிரண்டு ஐம்பதுக்கு, நம் மாநிலத்திலிருந்து போய் இறந்தவர்களின் பெயர்களை, குடும்பப் பெயரின் ஆங்கில அகர வரிசைப்படி, வாசிக்கும். பிறகு அதே எண்ணிக்கையில் அந்த நாட்டு மக்களின் பெயர்களையும் வாசிக்கும். வாசிப்பவர் திருமதி லெனோர் ஸ்டாடர்ட். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர், வெஸ்ஸுக்கும் அவரே ஆசிரியை. 2006இல் முதன்முதலில் அவன் பெயரை அவர் அந்த முனையில் வாசித்தபோது நான் கொடியைக் கீழே சாய்த்து வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து போனேன். "இன்னொரு தடவ என் பையன் பேரு உங்க வாயில வரக்கூடாது. அவன் உங்க அட்டைக்காகச் சாகல" என்றேன். அவர், "சரி, மிஸ்டர் டட்டன்" என்றார். அவ்வளவுதான். அவன் என் மாணவன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று முதல் பன்னிரண்டு ஐம்பது ஆனதும் நான் என் வண்டிக்குள் ஏறி வானொலியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். பெயர்கள் முடிந்ததும் இறங்குவேன். ஐந்து ஆண்டு இப்படியே போயிற்று.

8. 2011 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. கடும் பனிப்புயல். எதிர்ப்பக்கம் திருமதி ஸ்டாடர்ட் மட்டும் வந்திருந்தார். இந்தப் பக்கம் நான் மட்டும். அவர் போகாததால் நான் போகவில்லை, நான் போகாததால் அவரும் போகவில்லை என்று நினைக்கிறேன். சாலையில் ஒரு வண்டி வரவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு வண்டியில் ஏறினால் பேட்டரி செத்துக் கிடந்தது, வானொலி பாடவில்லை. வேறு வழியின்றி இறங்கி நின்றேன். அவர் என் ஒருவனுக்காகப் பட்டியல் முழுவதையும் வாசித்தார். டிலனி என்ற பெயருக்கும் ஃபேரோ என்ற பெயருக்கும் நடுவில் நிறுத்தினார். காற்றில் தாள் புரண்டு இடம் தவறிவிட்டது என்று நினைத்தேன். வாசித்து முடித்ததும் தன் காரை என் வண்டிக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, தன் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து என் வண்டியை உயிர்ப்பித்து, "நேரா வீட்டுக்குப் போங்க. வழியில எங்கயும் எஞ்சின அணைக்காதீங்க" என்றார். நான் நன்றி சொன்னேன்.

அடுத்த வாரம் நான் வானொலியைப் போடவில்லை. அதே இடத்தில் அதே நிறுத்தம். அதற்கடுத்த வாரமும் அப்படியே. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆறு வாரம் சோதித்தேன், ஒவ்வொரு முறையும் மூன்று விநாடி. ஒரு முழுப் பெயரைச் சொல்லி முடிக்க ஆகும் நேரம் அது. டிலனிக்கும் ஃபேரோவுக்கும் நடுவில் வர வேண்டியது டட்டன்.

அம்மையீர், அதற்குப் பிறகு பதின்மூன்று ஆண்டு நான் அந்த மூன்று விநாடிக்காகத்தான் அங்கே போய் நின்றேன். கொடி பிடித்ததும் உண்மைதான், அவர்களோடு உடன்படாததும் உண்மைதான். என் மனைவி டோரீன் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கையில் காப்பியைக் கொடுத்து, "அவங்கள எதுக்கத்தான் போறேன்னு இன்னும் எத்தன வருஷத்துக்குச் சொல்லிக்கிட்டு இருப்பீங்க?" என்று கேட்பாள். நான் கொடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

9. ஆணைக்குப் பின் நடந்தவை. இடுப்பு குணமாகி, செப்டம்பரின் முதல் சனிக்கிழமை நான் இரும்புக்கடை வாசலுக்குப் போனேன். எதிரே யாரும் இல்லை. ஒரு மணி நேரம் வெற்று நடைபாதையை எதிர்த்து நின்றேன். இரண்டு பேர் வண்டியை நிறுத்தி, வழி தெரியாமல் நிற்கிறேனா என்று விசாரித்தார்கள்.

மறு வாரம் நூலகப் புல்வெளிக்குப் போனேன். அங்கே எதிர்ப்பக்கம் என்று ஒன்று கிடையாது. நான் எங்கே நின்றாலும் அவர்களோடு சேர்ந்து நிற்பது போலவே இருந்தது. பால் பண்ணை எல்வுட் பீஸ்லியும் அந்தக் கூட்டத்து ஆள். அவர் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கி வந்து எனக்குப் போட்டு, "உக்காருங்க ஹாலிஸ், இடுப்பப் பாத்துக்கங்க" என்றார். இருபத்தோரு ஆண்டில் எனக்கு நேர்ந்த பெரிய அவமானம் இதுதான். இடுப்பு வலித்ததால் உட்கார்ந்தேன்.

திருமதி ஸ்டாடர்ட் என்னிடம் வந்தார். அவருக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. "உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே, நாங்களே தள்ளி நின்னிருப்போம். மன்னிச்சுக்கங்க, மிஸ்டர் டட்டன்" என்றார். தங்கள் ஆணையால் எனக்கு விளைந்த கேடு என்ன என்று யாரேனும் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். நான் விரட்டியதாக நினைத்துக்கொண்டு, அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவர் வாசித்தார். எப்போதும் எங்களுக்கு நடுவில் நாற்பத்திரண்டு அடிச் சாலை இருக்கும். அன்று எட்டடிதான். டிலனி என்றார். நிறுத்தினார். அவர் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. மூன்று சொற்கள். அவன் நடுப்பெயரையும் சேர்த்துச் சொன்னார். அது என் பெயர்தான். பிறகு ஃபேரோ என்று தொடர்ந்தார்.

வாரந்தோறும் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார். நான் விதித்ததை மீறாமல், அவனையும் விட்டுவிடாமல். நான் அதை வெறும் இடைவெளி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று நாற்காலியிலிருந்து எழ எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்கு இடுப்பு காரணம் அல்ல.

ஆகவே, அம்மையீர், கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் செய்து தர வேண்டுகிறேன்.

அ) மேற்படி ஆணையை உடனே ரத்து செய்து, அவர்களை அஞ்சலக முனைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நவம்பர் 9 இவ்வாண்டு சனிக்கிழமையில் வருகிறது. அதற்குள் இது முடிய வேண்டும். அடுத்த ஊர்க்கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது மார்ச் ஆகிவிடும், எனக்குப் பயன்படாது.

ஆ) அவர்கள் அங்கிருந்து போனது என் புகாரால் அல்ல, ஆப்பிள் பை கொண்டுவந்த நாளில் ஏற்பட்ட தவறான புரிதலால்தான் என்பதைத் திருமதி ஸ்டாடர்ட் அவர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். குற்றம் பாதி என்னுடையது என்றும் அதில் எழுதலாம். மறுக்க மாட்டேன்.

இ) இனி என் வேதனையை முன்னிட்டு ஏதேனும் செய்வதாக இருந்தால் என்னைக் கேட்டுச் செய்யவும். நான் உடனே பதில் சொல்லாவிட்டால் டோரீனைக் கேட்கவும்.

ஈ) 2006இல் நான் வாய்மொழியாக விதித்த தடையை இம்மனு மூலம் நீக்கிக்கொள்கிறேன். இதை நேரில் சொல்லவே நினைத்தேன். அதன்பின் இரண்டு முறை புல்வெளி வரை போய், வேலி ஓரத்திலேயே நின்று திரும்பிவிட்டேன். அதனால் தங்கள் அலுவலகம் வழியே அவருக்குச் சொல்லி அனுப்புகிறேன். டிலனிக்குப் பின், ஃபேரோவுக்கு முன், வெஸ்லி ஹாலிஸ் டட்டன் என்று வாய்விட்டு வாசிக்கலாம்.

நான் வழக்கம்போல் எதிர்ப்பக்கத்தில்தான் கொடியுடன் நிற்பேன். என் கருத்தில் மாற்றம் இல்லை. யாரும் நாற்காலி கொண்டுவர வேண்டாம்.

சாலை நாற்பத்திரண்டு அடி அகலம், என் காதும் முன்போல் இல்லை. அந்த ஒரு பெயரை மட்டும் கொஞ்சம் உரக்க வாசிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இடம்: காலவே மில்ஸ்
நாள்: 07.10.2024

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஹாலிஸ் டட்டன்