மிச்சத்தை வெட்டிவிட்டேன்

மார்ச் 4

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

நலம் விசாரிக்க இன்று மனசில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

நீச்சல்குளம் பராமரிப்பவர்களின் மின்னஞ்சல் குழுவை ஒன்பது வருடமாக நடத்துகிறேன். சேர்கிற எல்லாருக்கும் போகிற விதிகள் உனக்கும் வந்தன. பதில் போடும்போது, வந்த மடலில் எந்த வரிக்குப் பதிலோ அதை மட்டும் மேலே வைத்து, அதற்குக் கீழே எழுது, மிச்சத்தை வெட்டு. தனிக் கடிதத்தைக் கேட்காமல் பொதுவில் போடாதே.

உனக்குத் தனியாக நான் எழுதியது: "ஒரே நாளில் அமிலமும் குளோரினும் போடலாம், ஆனால் நடுவில் பம்பு நாலு மணி நேரம் ஓடியாக வேண்டும்." நீ குழுவில் போட்டது: "ஒரே நாளில் அமிலமும் குளோரினும் போடலாம் என்று அண்ணியே சொல்லிவிட்டார்." அதை நம்பி ஒருவர் இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றி, புகை மூச்சில் ஏறி, மருத்துவமனையில் கிடக்கிறார். அரைக்கிணறு தாண்டியது நீ, விழுந்தது அவர். பொறுப்பிலிருந்து என்னை நீக்கச் சொல்லிக் குழுவே கொதிக்கிறது.

கோபத்துடன்,
அண்ணி


மார்ச் 5

அன்புள்ள அண்ணி,

காலில் விழுகிறேன். "மிச்சத்தை வெட்டு" என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றால் அடிக்கவே வருவீர்கள். வெட்டியது நான்தான். உங்கள் மேல் ஒரு பிசகும் இல்லை.

ஆனால் இதைக் குழுவில் சொல்ல முடியாது. விடுதிக் குளத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் மேலாளர் தினமும் காலையில் முதல் வேலையாக அந்தக் குழுவைத்தான் படிக்கிறார். முழு வரியை நீங்களே போட்டுவிடுங்களேன்?

உங்கள்,
சின்னவன்


மார்ச் 6

கொழுந்தனாருக்கு,

நான் போட்டால், "இப்போது திருத்தி எழுதுகிறாள்" என்பார்கள். நீ போட்டால் நம்புவார்கள். என் வரியைப் போட உனக்கு அனுமதி தருகிறேன்.

"வெட்டியது நான்தான்" என்ற உன் கடிதம் என் கையில் இருக்கிறது. உன் அண்ணன், "அவன் எழுதினத அப்படியே குழுவுல தள்ளிவிடு, ஒரு நிமிஷ வேலை" என்கிறார். தள்ள மாட்டேன். தனியாக வந்தது தனியாகவே இருக்கும். விதி எழுதியவளே மீறினால் வேலி பயிரை மேய்ந்த கதைதான். ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. பொறுப்பு போனால் போகட்டும், தலைநிமிர்ந்து போவேன்.

வலிப்பது அதுவல்ல. தெருவில் அடித்துவிட்டு அடுக்களையில் வந்து கும்பிடு போடுகிறாய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன்னைத் தம்பி என்றுதான் நினைத்தேன். இனி உனக்குத் தனியாக எதுவும் எழுதுவதாக இல்லை.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சனிக்கிழமை குழுவில் போட்டதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வரியை முழுதாக வைத்து, அதன் கீழே "பின்பாதியை வெட்டியவன் நான்" என்று எழுதினேன். வாக்கெடுப்பையே கைவிட்டுவிட்டார்கள், பார்த்தேன். மேலாளர் கூப்பிட்டு, குளோரின் வைக்கிற மருந்தறைச் சாவியை வாங்கிக்கொண்டார். வேலை இருக்கிறது, ஆனால் வடிகட்டி கழுவுவது மட்டும்தான். விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது.

மருத்துவமனைக்கும் போனேன். கட்டிய தொண்டையோடு அந்த மனிதர் ஒரு பாடு திட்டினார். "நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அதுக்குள்ள திட்டி முடிச்சிடறேன்" என்றார். அண்ணனுக்கு இன்னும் கோபமா? இனி உங்களுக்கு நான் தனியாக எழுதலாமா? வடிகட்டி மணலில் பச்சையாகப் பிசுக்கு ஒட்டுகிறதே, அதை எதில் ஊறவைப்பது?

சின்னவன்


மார்ச் 10

> இனி உங்களுக்கு நான் தனியாக எழுதலாமா?

எழுது, தம்பி.

மிச்சத்தை வெட்டிவிட்டேன்.

அண்ணி